ஆயத்தமும் மரப்பெட்டியும்

என் தங்கையின் புருஷனுக்கு அலுவலகத்தில் ஆயத்தம் என்று பெயர். வைத்தவன் நான்தான். தங்கை அதற்காக என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. பேசாமல் இருந்தாளே தவிர, பெயர் பொருந்தவில்லை என்று அவளும் சொல்லவில்லை.

சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் நீங்களும் நானும் சுத்தியலோடு போவோம். இவர் வெறுங்கையோடு போவார். சுவரைத் தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், உள்ளே ஒயர் போகிறதா என்று என்னிடம் வந்து விசாரிப்பார், எவ்வளவு எடை தொங்கப் போகிறது என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். மறுநாள் ஆணி வரும். அதற்கடுத்த நாள் சுத்தியல் வரும். அந்த ஆணி பிறகு கட்டடமே விழுந்தாலும் விழாது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் மாட்ட வேண்டிய காலண்டர் அதற்குள் போன வருடத்ததாகியிருக்கும்.

கல்யாணம் பேசி முடித்தபின் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். "வீடு எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். "வாசல் முப்பது அங்குலம்தான் இருக்கும் அத்தை. பீரோ நேரா போகாது, சாய்ச்சுத்தான் கொண்டு போகணும்" என்றார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகம் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் தருகிற இடம். பிறந்தவனுக்கும் அவசரமில்லை, செத்தவனுக்கும் அவசரமில்லை. நடுவில் இருக்கிறவன்தான் வரிசையில் நின்று வேர்த்துக் கொட்டுவான். கீழ்த்தளத்தில் ஆறு கவுண்டர். பதிவேடுகள் இருக்கிற கணினி மூன்றாம் மாடியில். கவுண்டரில் ஒரு பெயரைச் சொன்னால் அதைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஒரு ஆள் மாடியேறி, அங்கே பார்த்து எழுதி வாங்கி, இறங்கி வரவேண்டும். லிஃப்ட் உண்டு. அது இயக்குநருக்கு.

இந்தத் துண்டுச்சீட்டை ஒழிப்பதற்காக வயர்லெஸ் வருகிறது என்றார்கள். சுவரில் பொருத்துகிற சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகள் போன வருடமே வந்து, ஆயத்தம் அவற்றை மூன்று மாடியிலும் மாட்டி, ஒயரும் இழுத்து முடித்துவிட்டார். கவுண்டருக்கு ஒன்றாக ஆறு டேப்லெட்டும் வந்தன. கவுண்டர்காரர்கள் அவற்றைத் தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்தார்கள். இவற்றை எல்லாம் ஆட்டிவைக்கிற தலைமைப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. அதை ரேக்கில் மாட்ட வேண்டும். ரேக் என்றால் ஆளுயர இரும்பு அலமாரி, தட்டு கிடையாது. முன்னாலும் பின்னாலும் சட்டம், சட்டம் நெடுகச் சதுர ஓட்டை, கருவியை அதில் நுழைத்துத் திருக வேண்டியது.

நான் அங்கே எலக்ட்ரீஷியன். நிரந்தரம். கழுத்தில் அடையாள அட்டைக்கு நீலக் கயிறு. ஆயத்தம் நெட்வொர்க் டெக்னீஷியன், பதினோரு வருடமாகத் தற்காலிகம், கழுத்தில் சிவப்புக் கயிறு. சிவப்புக் கயிற்றுக்காரர்கள் வாசலில் தனி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் போகும்போது காவலாளி அவர்களுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார். ஒருமுறை பள்ளிக்கூடப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் இவர் மகள் 'தற்காலிகம்' என்று எழுதிவிட்டாள். டீச்சர் சிரித்தாராம். என் தங்கை சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் சமையலறையில் பாத்திரங்களை வைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் துணை இயக்குநர் இவரைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார். நானும் அந்த அறையில் மின்விசிறி கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு. மாசக் கடைசியோட உன் ஒப்பந்தம் முடியுது. இந்தத் தடவை நீட்டிக்க மாட்டாங்க. தலைமைப் பெட்டிய மாட்டி ஓட விட்டு, முடிவறிக்கையில கையெழுத்துப் போட்டுக் குடு. நிரந்தர உத்தரவு இதோ இந்த டிராயர்லயே இருக்கு. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குவோம்."

"சரிங்க சார். அறையோட அகலம் மட்டும் ஒரு தடவை அளந்துக்கறேன்" என்றார் ஆயத்தம்.

என் கையிலிருந்த இறக்கை நழுவி மேஜையில் விழுந்தது.

அறை என்று அவர் சொன்னது மாடிப்படிக்கு அடியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த பொந்து. நாற்காலிகளை வெளியேற்றினார். கூட்டினார், துடைத்தார், வெள்ளை அடித்தார். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தெர்மாமீட்டரை மாட்டி வெப்பம் பார்த்து எழுதினார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட இத்தனை தடவை பார்ப்பாரா தெரியாது. ரேக்குக்குப் பின்னால் ஒரு ஆள் நின்று கை நீட்ட இடம் இருக்கிறதா என்று என்னை நிறுத்திப் பார்த்தார். எனக்குத் தொப்பை இருப்பதால் நான் நின்றால் யார் வேண்டுமானாலும் நிற்கலாமாம்.

"மச்சான், எர்த் கம்பி சரியில்ல. புதுசா போட்டுக் குடுங்க" என்றார்.

"இருபது வருஷமா இந்தக் கட்டடம் அந்தக் கம்பியிலதான்யா நிக்குது!"

"கட்டடம் நிக்கும் மச்சான். இந்தப் பெட்டி நிக்காது."

திட்டிக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்டது சரி என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பழைய கம்பியைத் தோண்டிப் பார்த்தால் பாதியில் அறுந்து கிடந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாம் தயார், ஆனால் தலைமைப் பெட்டி ஸ்டோரில் இருந்தது. ஐந்து வாரமாக இருந்தது. ஸ்டோர்காரர் அதன்மேல் தன் ஃப்ளாஸ்கையும் டம்ளரையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. முத்திரை போட்டு வந்த பெட்டியைத் திறக்க வேண்டுமானால் ஸ்டோர்காரர், கண்காணிப்பாளர், துணை இயக்குநர் மூவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு காலத்தில் பிரிண்டர் என்று வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு செங்கல் இருந்ததாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு. செங்கல்லை வைத்தவன் யார் என்று கண்டுபிடிக்கவில்லை, விதியை மட்டும் கண்டுபிடித்தார்கள்.

அந்த மூவரும் ஒன்றுசேர்வது லேசில் நடக்கிற காரியமா? துணை இயக்குநர் வந்தால் கண்காணிப்பாளர் லீவு. கண்காணிப்பாளர் வந்தால் துணை இயக்குநருக்குக் கூட்டம். இருவரும் வந்த அபூர்வமான ஒரு நாளில், சுழல் நாற்காலி யாருடையது என்ற பழைய சண்டையில் கண்காணிப்பாளர் ஸ்டோருக்குள் காலடி வைக்க மாட்டேன் என்றுவிட்டார். பெட்டி இருப்பதோ ஸ்டோருக்குள்.

இதில் இன்னொரு கொடுமை. 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டிருக்கிறதே, அந்த அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயத்தத்தால் அதைச் சகிக்க முடியவில்லை.

"அண்ணே, திருப்பி மட்டும் வெச்சுக்கறேனே."

"திருப்பறதும் திறக்கறதும் ஒண்ணுதான்பா. மூணு கையெழுத்து வாங்கிட்டு வா" என்றார் ஸ்டோர்காரர், டீயை ஊற்றிக்கொண்டே.

வேறொருவனாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நானாக இருந்தால் முத்திரையைப் பிய்த்திருப்பேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியின் வெளிப்புறத்தில் அச்சடித்திருந்த நீளம், அகலம், உயரம், எடை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய், அதே அளவில் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்தார். உள்ளே மணல் நிரப்பி ஒன்பது கிலோ சரியாக வரும்படி நிறுத்தார். கறுப்புப் பெயின்ட் அடித்தார். முன்பக்கம் ஒயர் சொருகுகிற ஓட்டைகளையும் ஏதோ படத்தைப் பார்த்து வரைந்தார். காதுபோல் இரண்டு பக்கமும் தகடு வைத்து, அதை ரேக்கில் தூக்கி மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பழகினார். கதவு மூடுகிறதா, ஒயர் மடங்குகிறதா, ரேக் முன்னால் சாய்கிறதா என்றெல்லாம் பார்க்கத்தான்.

"அசல் வந்தா இருபது நிமிஷத்துல முடிச்சுடுவேன் மச்சான்" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

இங்கேதான் நான் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். அவர் சாப்பிடப் போன நேரத்தில், கிண்டலுக்கு, அந்த மரப்பெட்டியின் முகத்தில் இரண்டு ஓட்டை போட்டு, பழைய காலிங்பெல்லில் இருந்து பிடுங்கிய பச்சை விளக்கு இரண்டைப் பொருத்தி, பின்னால் பேட்டரி வைத்துவிட்டேன். விட்டு விட்டு எரிந்தது. வந்து பார்த்தவர் சிரித்தார். "அசல்ல பச்சை இடது பக்கம் வரும் மச்சான்" என்று மட்டும் சொன்னார். நானும் அதை இடது பக்கம் மாற்றிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்கு இயக்குநர் எந்த அறிவிப்பும் இல்லாமல் சுற்றிப் பார்க்க வந்தார். பின்னால் துணை இயக்குநர், அவர் பின்னால் கண்காணிப்பாளர், அவருக்குப் பத்தடி தள்ளி ஸ்டோர்காரர், அப்புறம் போட்டோ எடுக்கிறவர். ஐந்து வாரமாக ஒன்றுசேராத மூவரும் இயக்குநரின் முதுகுக்குப் பின்னால் மட்டும் ஒன்றுசேர்ந்து நடந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் வெள்ளை அடித்த அறை, கண்ணாடிக் கதவு போட்ட ரேக், உள்ளே இரண்டு பச்சை விளக்கு மின்னுகிறது. இயக்குநர் நின்றுவிட்டார்.

"அட! மாட்டியாச்சா? எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

துணை இயக்குநர் கண்ணிமைக்கும் நேரம்தான் யோசித்தார். "உங்களுக்காகத்தான் சார் காத்திருக்கோம், தொடங்கி வைக்க" என்றார்.

"சார், அது வந்து..." என்றார் ஆயத்தம்.

"ஐயா பேசும்போது குறுக்க பேசாத" என்று துணை இயக்குநர் அதட்டினார்.

எங்கிருந்தோ ஒரு நாடா வந்தது. டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. ஆயத்தம் இரண்டாம் தடவை, "சார், இது மரம் சார்" என்றார். நாடா பிடித்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர், "மரம் நடறது அடுத்த வாரம்பா, இப்ப இது" என்று அடக்கினார். நாடா அறுந்தது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

இயக்குநர் தன் போனை எடுத்தார். எதையோ தட்டினார். திறந்தது. அவர் போனில் அவர் மாதாமாதம் கட்டுகிற இணைப்பு இருக்கிறது, திறக்காமல் என்ன செய்யும்? "பிரமாதம்! டவர் ஃபுல்லா இருக்கே!" என்றார். எல்லோரும் தங்கள் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஃபுல்லாக இருந்தது. ஆயத்தத்தின் தோளைத் தட்டி, "எத்தனை வருஷமா இங்க இருக்கே?" என்று கேட்டார். "பதினொண்ணு சார். சார், இந்தப் பெட்டி..." அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் வயர்லெஸ் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து வந்துவிட்டது. வீட்டைவிட இங்கே வேகமாக இருக்கிறது என்றார் டைப்பிஸ்ட் அம்மா. மூன்றாம் கவுண்டர் அம்மாவுக்கு அலை பட்டுத் தலைவலி வந்து, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மழை வந்தால் கொஞ்சம் சுணங்குகிறது என்று ஓட்டுநர் ஆராய்ந்து சொன்னார். கவுண்டரில் டேப்லெட்டுகள் துணிக்கடியில் நிம்மதியாகத் தூங்கின. துண்டுச்சீட்டோடு ஆட்கள் மாடியேறிக்கொண்டே இருந்தார்கள். வயர்லெஸ் வந்தும் ஏன் ஏறுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு கிழவர் மட்டும் கேட்டார். அவரைக் கடைசிக்குப் போகச் சொன்னார்கள்.

மறுநாள் துணை இயக்குநர் முடிவறிக்கையை நீட்டினார். "கருவி நிறுவப்பட்டு நன்கு இயங்குகிறது. கீழ கையெழுத்துப் போடு. நாளைக்கே உன் உத்தரவு."

"இயங்கலையே சார். அது பிளைவுட். உள்ள மணல்."

அவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். "மரமோ இரும்போ, இயக்குநர் நாடா வெட்டிட்டாரு. ஃபைல்ல அது கருவி. உனக்கு என்ன கஷ்டம்?"

"வேலை செய்யாததை வேலை செய்யுதுன்னு நான் எழுதினதில்ல சார்."

"அப்ப மாசக் கடைசி வரைக்கும் யோசி" என்று அறிக்கையை டிராயரில் போட்டுப் பூட்டினார். நிரந்தர உத்தரவும் அதே டிராயரில்தான் இருந்தது. மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது.

வீட்டில் அன்றைக்கு ரகளை. நான் போனபோது தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு வருஷம் அண்ணா. ஒரு கையெழுத்து. ஊரே நல்லா ஓடுதுன்னு சொல்லுது, இவரு ஒருத்தருக்கு மட்டும் ஓடலையாம்!"

"போட்டுத் தொலைங்களேன் மாப்பிள்ளை" என்றேன் நானும். "யாரு திறந்து பாக்கப் போறா?"

அவர் தலை குனிந்து டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அளவெடுக்கிற டேப். "நான் பாத்துட்டேனே மச்சான்" என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது பாதி வழியில்தான் அந்தக் கோபம் திரும்பி என்மேல் வந்தது. பச்சை விளக்கு வைத்தவன் யார்? என் தங்கை வாழ்க்கையில் காலிங்பெல் விளக்கை வைத்து விளையாடியவன் நான்தானே. என்ன செய்வதென்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வழி வந்தது ஸ்டோர்காரர் ரூபத்தில். பத்தாம் நாள் அவர் ஓட்டமும் நடையுமாக எங்களைத் தேடி வந்தார். திறப்பு விழா நடந்த அன்றே துணை இயக்குநர் ஸ்டோர் புத்தகத்தில் 'தலைமைப் பெட்டி: வழங்கப்பட்டது, நிறுவப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இப்போது சரக்குச் சோதனைக்கு ஆள் வருகிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு பெட்டி அவர் அறையில், அவர் ஃப்ளாஸ்குக்கு அடியில் இருக்கிறது.

"கணக்குல இல்லாத பெட்டி எப்படி வந்துச்சுன்னு கேப்பான்பா! என் தலைதான் உருளும். தூக்கிட்டுப் போயிடு, புண்ணியமாப் போகும்."

"மூணு கையெழுத்து வேணுமே அண்ணே" என்றார் ஆயத்தம். நான் அவர் காலை மிதித்தேன்.

"அது இருக்கற பெட்டிக்குப்பா! இது இல்லாத பெட்டி. இல்லாத பெட்டிய நீ எப்படி வேணா திற!"

அந்தச் சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. காலை பத்து மணிக்கு நானும் ஆயத்தமும் பெட்டியைத் திறந்தோம். ஐந்து வாரத்துக்கு மேல் தலைகீழாக நின்றிருந்தாலும் உள்ளே பஞ்சுமெத்தைபோல் அடைத்திருந்ததால் கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பு மின்சாரம் கருவியில் பாயாமல் இருக்க மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டு, கருவியை இரண்டு கையாலும் எடுத்தார். மரப்பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தார். அசலை நுழைத்தார். நான்கு திருகு. ஒயர்கள் ஒவ்வொன்றும் அவர் வெட்டி வைத்திருந்த நீளத்துக்கு ஒரு அங்குலம் கூடாமல் குறையாமல் போய் உட்கார்ந்தன. மின்சாரம் கொடுத்தோம். இடது பக்கம் பச்சை விளக்கு எரிந்தது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தொன்பது நிமிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் பதினோரு வருடமாக ஊரே கிண்டல் செய்தது, நான் முதல் ஆளாக நின்று செய்தேன். அன்றைக்குப் பொழுது சாயும்வரை கூட இருந்தேன். மூன்று மாடியிலும் இருந்த வெள்ளைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக அவர் உயிர்ப்பிக்க, டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்து, "இங்க வருது மாப்பிள்ளை, இங்கயும் வருது" என்று கத்தினேன்.

திங்கட்கிழமை காலை கூச்சல்.

மூன்றாம் மாடிக் கணினியை ஆன் செய்ததும், துணிக்கடியில் இருந்த ஆறு டேப்லெட்டும் முதல்முறையாக அதோடு பேசின. ஒவ்வொன்றிலும் டிங் டிங் என்று விடாமல் மணி. பொதுமக்கள் வீட்டிலிருந்தே அனுப்பி, எட்டு மாதமாகக் காத்திருந்த விண்ணப்பங்கள் நானூற்றுச் சொச்சம் வரிசையாக வந்து விழுந்தன. அத்தோடு கடவுச்சொல் வேறு கேட்டது. மூன்றாம் கவுண்டர் அம்மா டேப்லெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, அழுகிற குழந்தையைத் தூக்கி வருவதுபோல் துணை இயக்குநர் அறைக்கே போய்விட்டார்.

"பன்னெண்டு நாள் எவ்வளவு அமைதியா இருந்துச்சு சார்! ஒரு சத்தம் உண்டா, ஒரு கேள்வி உண்டா? சனிக்கிழமை இவன் வந்து எதையோ நோண்டிக் கெடுத்துட்டான்!"

ஆறு கவுண்டரும் சேர்ந்து எழுத்துமூலம் புகார் கொடுத்தார்கள். இயக்குநர் தொடங்கி வைத்த, நன்கு இயங்கிவந்த கருவியை, யாருடைய அனுமதியும் இன்றி அகற்றி, வேறொரு கருவியை வைத்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தரும்படி ஆயத்தத்துக்கு மெமோ வந்தது.

விளக்கம் எழுதச் சொன்னால் விடுவாரா? நான்கு பக்கம் எழுதினார். முதல் பக்கம் அறையின் நீள அகலம். இரண்டாம் பக்கம் மூன்று வேளை வெப்பநிலை அட்டவணை. மூன்றாம் பக்கத்தில், முன்பு இருந்தது பிளைவுட், உள்ளே மணல், எடை ஒன்பது கிலோ, ஒத்திகைக்காகச் செய்தது என்று மறைக்காமல் எழுதினார். நான்காம் பக்கத்தில் வரைபடம். "மூணாவது பக்கத்த முதல் பக்கமா வையுங்க" என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "வரிசை மாறக்கூடாது மச்சான்" என்றார்.

இயக்குநர் முதல் பக்கம் வரை படித்தார். அதன் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: 'நான் தொடங்கி வைத்த கருவியை உடனே அதே இடத்தில் வைக்கவும். புகார்கள் தீர்ந்தால் மேல்நடவடிக்கை வேண்டாம்.'

மாதக் கடைசிக்கு மூன்று நாள். நான் அந்த உத்தரவைப் படித்துவிட்டு, மரப்பெட்டியைத் தூக்கி நடுத்தெருவில் போட்டு உடைக்கிறேன் என்று கிளம்பினேன். தங்கை கதவை மறித்துக்கொண்டு அழுதாள். ஆயத்தம் மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு ரேக் முன்னால் போய்க் குந்தினார். கீழிருந்து மேலே ஓட்டைகளை எண்ணினார்.

"இடம் இருக்கு மச்சான்" என்றார்.

அன்று மதியம் அசல் கருவியை நான்கு ஓட்டை கீழே இறக்கி மாட்டினார். அதற்கு முன்னால் காற்றுப் போக ஓட்டை போட்ட ஒரு கறுப்புத் தகட்டை வைத்து மூடினார். மேலே, கண்ணாடிக்கு நேராக, கண் பார்க்கிற உயரத்தில், இயக்குநர் நாடா வெட்டிய மரப்பெட்டியை அதே இடத்தில் திருகினார். என்னிடம் புது பேட்டரி கேட்டார். கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு டேப்லெட்டிலும் கடவுச்சொல்லை நிரந்தரமாகப் போட்டு, டிங் சத்தத்தை அணைத்தார்.

புகார் அன்றைக்கே நின்றுவிட்டது. பழைய பெட்டி வந்ததும்தான் சரியாயிற்று என்று மூன்றாம் கவுண்டர் அம்மா எழுதிக் கொடுத்தார். விண்ணப்பங்கள் சத்தமில்லாமல் வந்தன. வந்ததால் வேறு வழியில்லாமல் பார்த்தார்கள். பார்த்ததால் துண்டுச்சீட்டு ஏறுவது ஒவ்வொன்றாகக் குறைந்தது. வரிசை வாசலைத் தாண்டாமல் நின்றது. கடைசிக்குப் போகச் சொன்ன அந்தக் கிழவர் மனைவியின் இறப்புச் சான்றிதழை ஐந்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு, நம்பாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முடிவறிக்கையில் ஆயத்தம் இப்போது கையெழுத்துப் போட்டார். கருவி நிறுவப்பட்டு நன்கு இயங்குகிறது என்பது உண்மைதானே. எந்தக் கருவி என்று அதில் கேட்கவில்லை. ஆனாலும் அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்; 'மேலிருந்து இரண்டாவது' என்று சின்ன எழுத்தில் சேர்த்தார். டிராயரிலிருந்து உத்தரவு வந்தது. இயக்குநரால் தொடங்கி வைக்கப்பட்ட கருவியைப் பழுது நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த திறமையைப் பாராட்டி, அக்கருவியின் பராமரிப்புப் பணியில் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார் என்று இருந்தது. பத்தொன்பது நிமிடத்தில் முடித்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அறுந்து கிடந்த எர்த் கம்பியைக் கண்டுபிடித்ததைப் பற்றியும் இல்லை. அது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது.

நீலக் கயிற்றை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது தங்கை அதைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் பள்ளிக்கூடப் படிவம் எப்போது வரும் என்று கேட்டாள். அவர் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது என்னிடம் மட்டும், "எந்தப் பெட்டிக்கு மச்சான் எனக்கு வேலை குடுத்திருக்காங்க?" என்று கேட்டார். நான் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு காது கேட்காததுபோல் நின்றேன்.

பராமரிப்புப் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை, தொடங்கி வைக்கப்பட்ட கருவியைச் சோதித்து எழுத வேண்டும். அசலை அவர் தினமும் கவனிக்கிறார், அதற்கு நோட்டு கிடையாது. நோட்டு மரப்பெட்டிக்குத்தான். முதல் மாதம் அவர் என்னதான் எழுதுகிறார் பார்ப்போம் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். திருகைக் கழற்றிப் பெட்டியை இறக்கினார். நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், தராசில் வைத்து நிறுத்தார். திரும்ப மாட்டிவிட்டு, நோட்டில் 'கருவியின் நிலை' என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'எடை ஒன்பது கிலோ, மாற்றமில்லை. கரையான் இல்லை.'

சாயங்காலம் நோட்டு துணை இயக்குநர் மேஜையிலிருந்து திரும்பி வந்தது. கீழே அவர் எழுதியிருந்தார்: 'பார்வையிட்டேன். திருப்தி. இதே நிலை தொடரட்டும்.'